இரண்டு குழி

குழி ஒன்றுதான் என்று பேச்சு. ஹோனலூலூவிலிருந்து போனில் ஜெஸ்ஸி திரும்பத் திரும்பச் சொன்னதும், எழில் தன் அம்மாவைத் தலையாட்டி ஒப்புக்கொள்ள வைத்ததும் ஒரு குழியைப் பற்றித்தான். ஆனால் விடிகிற நேரத்தில் வேன் வந்து மணலில் நின்றபோது கடற்கரையில் இரண்டு குழி இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஃபைபர் படகை இழுத்து வந்து கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

ஜெஸ்ஸி இடுப்பில் குழந்தையோடு இறங்கி நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா மேரியும் தம்பி கலைவாணனும் காலனிக்காரர்கள் சிலரும் வாழைமட்டையையும் சேப்பங்கிழங்கு இலைக் கட்டுகளையும் இறக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இன்னா எழிலு, ரெண்டு தோண்டிகிற?"

எழில் மண்வெட்டியை மணலில் குத்தி நிறுத்தினான். "கும்பல் ஜாஸ்தியா கீது ஜெஸ்ஸி. ஒன்னு பத்தாது."

"கோழி வாங்கனது நானு. ஒரு குழிக்குன்னுதான் வாங்கனேன்."

"ரெண்டுல பாதி பாதி வெச்சா சீக்கிரம் வேவும்."

"ஹவாயில புவா ஆன்ட்டி வூட்ல ஊரே துன்னுச்சே, அது ஒரு குழிதான? நீதான மண்ணு தள்ளி மூடுன?"

அவன் மண்வெட்டியைப் பிடுங்கி மறுபடி மணலில் குத்தினான்.

"நடுவுல படகு இன்னாத்துக்கு?"

"நெழலுக்கு."

சூரியன் அப்போது கடலை விட்டே மேலே வந்திருக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள குப்பம் அது. எழில் அங்கே பிறந்தவன். ஜெஸ்ஸி செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு காலனியில் பிறந்து நர்ஸுக்குப் படித்தவள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அலைச்சறுக்குப் பலகை ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த எழில், கால் கிழிந்து தையல் போடப் போன ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தான். இரண்டு வீட்டையும் கேட்டுக்கொண்டிருந்தால் நடக்காது என்று ரிஜிஸ்தர் ஆபீசில் முடித்துக்கொண்டார்கள். பிறகு அவளுக்கு ஹவாயில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. கூடவே போன எழில் அங்கே ஒரு மீன் கடையில் சூரை வெட்டுகிறான்.

எனக்கு இந்த வீட்டோடு பழக்கம் வினிதா மூலம். அவள் எழிலின் தங்கை. நாங்கள் செங்கல்பட்டில் மாலை வகுப்பில் ஒன்றாகப் படிக்கிறோம். இலை கழுவ ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள், வந்தேன். இரண்டு பக்கத்தையும் சேராதவள் என்பதால் இரண்டு பக்கமும் என் முன்னால் பேசினார்கள். நான் கேட்டது பாதியாகவும் இருக்கலாம்.

குழந்தையின் முதல் பிறந்தநாளை ஹவாயில் கல்யாணம் மாதிரி செய்வார்களாம். முன்பொரு காலத்தில் அம்மையும் காய்ச்சலும் வந்து ஒரு வருஷம் தாண்டாமல் போன குழந்தைகள் அங்கே ஏராளம். அதனால் தாண்டின குழந்தைக்கு உறவும் நட்பும் அக்கம்பக்கமும் கூடி, மண்ணில் குழி வெட்டி, கல்லைக் காய்ச்சி, அதில் இறைச்சியை இலைக்குள் மூடி வேகவைத்துத் தின்பார்கள். பக்கத்து வீட்டு புவா ஆன்ட்டி தன் பேரனுக்குச் செய்தபோது ஜெஸ்ஸியும் எழிலும் இலை மடித்தார்கள், மண் தள்ளினார்கள். "உங்க பொண்ணுக்கு ஊருக்குப் போய் செய்யுங்க, உங்க ஜனம் சாப்பிடட்டும்" என்று அந்த அம்மாள் சொன்னாளாம். ஜெஸ்ஸி அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் கல்யாணமானதிலிருந்து எழிலின் வீட்டார் அவள் வீட்டில் சாப்பிட்டதில்லை. செங்கல்பட்டு மண்டபத்தில் வரவேற்பு வைத்தபோதுகூட மாமியார் சொர்ணம் மூடி உடைக்காத கலர் பாட்டில் ஒன்றை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். மொட்டை, காதுகுத்து என்று வைத்தால் தாய்மாமனாகக் கலைவாணன் மடியில் உட்கார வைப்பதா என்று சண்டை வரும். ஹவாய் விருந்தில் அதெல்லாம் இல்லை. குழி, கல், இலை, அவ்வளவுதான்.

உண்மையில் அந்த விருந்தில் பன்றிதான் முக்கியம். கலைவாணன் நல்ல பன்றி ஒன்று பார்த்துத் தருவதாகச் சொன்னான். ஜெஸ்ஸிதான் வேண்டாம் என்றாள். "பன்னி துன்ன மாட்டோம்னு சொல்லிகினு எட்டப் போய்க் குந்துவாங்க. கோழியும் மீனும் போதும். ஒரு சாக்கும் வெக்கக் கூடாதுடா."

ஒரு சாக்கும் இல்லாமலே குழி இரண்டாகிவிட்டது.

எழிலின் சித்தப்பா லோகு வாயில் பிரஷ்ஷோடு வந்தார். அப்பா இல்லாத அந்த வீட்டில் அவர்தான் பெரியவர். நுரையைத் துப்பிவிட்டு, "இந்தாம்மா, உங்க ஆளுங்க சாமானெல்லாம் படகுக்கு அந்தாண்ட எறக்கச் சொல்லு. வாழமட்டையில மட்டும் பாதி இங்க போட்டுட்டுப் போவட்டும்" என்றார்.

கலைவாணன் தோளில் இருந்த மட்டையைத் தடாலென்று போட்டான். "அக்கா, வேன திருப்பச் சொல்லவா?"

"கத்தாத கண்ணு. கொழந்த பொறந்த நாளு" என்றாள் மேரி.

"மட்ட மட்டும் வோணுமாம்மா இவங்களுக்கு? நம்ம தோட்டத்து மட்ட தீட்டு இல்லியா?"

"பச்சையா கீற வரைக்கும் தீட்டு இல்லடா" என்றாள் ஜெஸ்ஸி, லோகுவைப் பார்த்துக்கொண்டே. "வெந்தாத்தான் தீட்டு. எறக்கு. எல்லாத்தையும் எறக்கு. யாரும் வேன்ல ஏறக் கூடாது."

எழில் குனிந்து குழியின் ஓரத்தைச் சீர் செய்துகொண்டிருந்தான்.

அடுப்பு மூட்டும் வேலை தொடங்கிவிட்டதால் சண்டை நின்றது. சவுக்குக் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே கல்லை ஏற்றினார்கள். கல், மாமல்லபுரம் சிற்பப் பட்டறையில் கழித்துப் போட்ட கருங்கல் துண்டுகள். ஒன்றில் யானைக் காது பாதி செதுக்கியிருந்தது. இன்னொன்றில் தாமரை இதழ். ஈரக் கல் நெருப்பில் வெடிக்கும் என்பதால் ஒரு வாரமாக அவற்றை வெயிலில் காயப்போட்டிருந்தான் எழில். அப்படியும் சில கற்கள் பட்டென்று தெறித்தன. ஒவ்வொரு தடவையும் லோகு துள்ளிக் குதித்து, "வெடிகுண்டுடா டேய்" என்று சிரித்தார். குழியோரம் நின்று படம் எடுத்து, ஹவாய் ஸ்டைல் என்று ஸ்டேட்டஸ் போட்டார்.

ஜெஸ்ஸி துணிப்பூ மாலைகள் கொண்டுவந்திருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் போட்டு வரவேற்பது அந்த ஊர் வழக்கம். வினிதா படகைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லார் கழுத்திலும் போட்டாள். சொர்ணம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் போட்டுக்கொண்டாள். மேரிக்கும் அதே மஞ்சள் மாலை.

நானும் வினிதாவும் சேப்ப இலையைக் கழுவி நரம்பு சீவிக் கொடுத்தோம். கோழித்துண்டும் சீலா மீனும் உப்பும் வைத்து இலையைப் பொட்டலமாக மடித்து நாரால் கட்ட வேண்டும். மேரி கை வேகமாக ஓடியது. சரியாக வேகாவிட்டால் தொண்டை நமைக்கும் என்று அவள் ஜெஸ்ஸியை எச்சரித்துக்கொண்டே இருந்தாள். மேரி கட்டிய பொட்டலங்கள் தெற்குக் குழிக்கும், சொர்ணமும் லோகுவின் பெண்டாட்டியும் கட்டியவை வடக்குக் குழிக்கும் போயின. ஒரே சந்தையில் வாங்கின கோழி, ஒரே வலையில் விழுந்த சீலா.

மட்டையை நசுக்கி, பழுத்த கல்லின் மேல் பரப்பினார்கள். சாறு பட்டு ஆவி குப்பென்று கிளம்பியது. மேலே இறைச்சி, அதன்மேல் வாழையிலை, நனைத்த கோணி, தார்ப்பாய், கடைசியில் மணல். காலை முடிவதற்குள் இரண்டும் மூடியாகிவிட்டது. மேலக்காற்று மணலை வாரி இறைத்தது. ஆவி தப்புகிற இடத்தில் ஒரு கை மண் போட்டு அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில் எழில் மரப்பலகையில் சூரையைச் சதுரம் சதுரமாக நறுக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், கல்லுப்பு, நல்லெண்ணெய் போட்டுப் பிசைந்தான். அங்கே கடையில் தினமும் அவன் செய்வது. அடுப்பில் வைப்பதில்லை.

மீன்காரி முனியம்மா எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி, இத அப்டியே துன்றதா?"

"அப்டியேதான் பெரீம்மா."

"வேவாம?"

"வேவாம."

"நாங்க இன்னா நாரையாடா? ஊரு ஊரா மீன் வித்துட்டு வந்தவ வாய்ல பச்ச மீன வெக்கறியே."

"அங்க கார்ல வந்து வாங்கிகினு போறான் பெரீம்மா."

"கார்ல வந்தா மூள இருக்கணும்னு சட்டமா?" ஆனாலும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். "உப்பு பத்தல" என்றாள்.

கூட்டம் சிரித்தது. அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். லோகு இரண்டு கை எடுத்தார். படகுக்கு அந்தப் பக்கமிருந்து கலைவாணன் பார்த்துக்கொண்டிருந்தான். "பச்ச மீன் உள்ள எறங்குது. எங்கம்மா கை பட்டது எறங்காது" என்றான், யாரிடமும் இல்லாமல். சத்தமாகத்தான் சொன்னான்.

உச்சி வெயிலில் ஜெஸ்ஸி எழிலைப் படகு நிழலுக்குக் கூப்பிட்டாள். குழந்தை சிநேகா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போக முடியாமல் நான் அங்கேயே இருந்தேன். அவர்கள் என்னைப் பொருட்படுத்தவில்லை.

"யாரு சொன்னது ரெண்டாவுது தோண்டச் சொல்லி?"

"யாரு சொன்னா இன்னா?"

"யாரு எழிலு?"

"சித்தப்பாதான். இல்லன்னா ஒருத்தரும் வர மாட்டோம்னாரு. அம்மா அழுவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

"என்கிட்ட சொல்லிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

"மாட்டேன்னு தெரிஞ்சிதான சொல்லல. அப்ப உனக்குத் தெரியும், தப்புன்னு."

எழில் மணலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். "ஒரு நாளு ஜெஸ்ஸி. ஒரே ஒரு நாளு. அப்பறம் பிளைட் ஏறிப் பூடுவோம். இதுக்குப் போய் பேஜாரு பண்ணணுமா?"

"அதான் சொல்றேன். நாம ஏறிப் பூடுவோம். எங்கம்மா எங்க ஏறுவா?"

"உங்கம்மாவே ஒன்னும் சொல்லல."

"சொல்ல மாட்டா. எங்கம்மா எந்தக் காலத்துல சொன்னா? அவ சொல்லாததாலதான் நீங்க செய்றீங்க." அவள் குரல் ஏறியது. "அங்க எங்கம்மா அரைச்சி அனுப்பன மொளகாத்தூள்லதான தெனம் கொழம்பு வெச்சித் துன்ற? விரல நக்கிகினு போட்டோ எடுத்து அவளுக்கே அனுப்பற. இங்க வந்தா குழி வேற. அங்க நீ யாரு, இங்க நீ யாருடா?"

"மெதுவா பேசு."

"ஏன்? படகு இருக்கே நடுவுல. கேக்காது."

எழில் எழுந்து போய்விட்டான். வடக்குக் குழியில் ஆவி கசிந்த இடத்தில் மண் போட்டான். பிறகு தெற்குக் குழிக்கும் போய்ப் போட்டான். இரண்டிலும் அவன் அதே அக்கறையோடுதான் வேலை செய்தான். அதைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

வெயில் சாய்ந்ததும் குழிகளைத் திறந்தார்கள். மணலை ஒதுக்கி, தார்ப்பாயை மடித்து, கோணியை உரித்தபோது வந்த மணத்தில் கூட்டம் குழியோரம் நெருங்கியது. வாழைச்சாறும் புகையும் கோழிக் கொழுப்பும் கலந்த மணம். இரண்டு குழியிலும் நன்றாக வெந்திருந்தது. எலும்பைப் பிடித்து இழுத்தால் சதை கையோடு வந்தது. அதை உதிர்த்து, இரண்டு அலுமினிய அண்டாக்களில் போட்டார்கள். வடக்கு அண்டாவுக்கு முன்னால் லோகு பாய் விரித்து முதல் பந்திக்கு ஆட்களை உட்கார வைத்தார்.

"இருங்க" என்றாள் ஜெஸ்ஸி. கையில் சிவப்பு உப்பு டப்பா. "உப்பு போடணும். அங்கேருந்து எட்தாந்தது. அண்டாவ இப்டி கொண்டாங்க."

யாரும் சந்தேகப்படவில்லை. ஹவாய் உப்பு என்றதும் லோகுவே அண்டாவின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கி வந்தார். படகின் முனைக்கருகே இரண்டு அண்டாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஜெஸ்ஸி இரண்டிலும் உப்பைத் தூவினாள். டப்பாவை மூடிக் கீழே வைத்தாள். பிறகு தெற்கு அண்டாவை இரண்டு கையாலும் தூக்கி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடக்கு அண்டாவில் கவிழ்த்தாள்.

"ஏய், ஏய், இன்னா பண்ற?" லோகு ஓடிவந்தார்.

அவள் கையை முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து மேலாகப் புரட்டினாள். கொழுப்பு வழிந்தது. "அம்மா, இங்க வா" என்றாள். மேரி அசையவில்லை. "வாம்மா. கை கழுவிட்டுத்தான நிக்கற. வந்து கைய வையி."

மேரி மெதுவாக வந்தாள். மஞ்சள் மாலையைப் பின்னால் தள்ளிவிட்டு, குனிந்து கையை விட்டாள். அம்மாவும் பெண்ணும் பிசைந்தார்கள்.

ஜெஸ்ஸி நிமிர்ந்தாள். "இப்ப பிரிச்சிக்கோங்க. எது உங்க கோழி, எது எங்க கோழின்னு பாத்து எட்துக்கோங்க."

"திமிரு பாத்தியா? டாலர் திமிரு! எங்க ஊருக்கே வந்து எங்கள அசிங்கப்படுத்தறியா?" என்று கத்தினார் லோகு.

"யாரு அசிங்கப்படுத்துனது? காலையில பல்லு வெளக்கிகினே வந்து எங்கம்மாவ அந்தாண்டப் போன்னு சொன்னது நானா?"

"டேய் எழிலு, உன் பொண்டாட்டிய அடக்குடா!"

எழில் உரித்துப் போட்ட கோணியை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"அவன் ரெண்டு பக்கமும் மண்ணு போடுவான். வேற ஒன்னும் தெரியாது" என்றாள் ஜெஸ்ஸி.

லோகு கழுத்து மாலையை அறுத்து எறிந்தார். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். முட்டியில் ஒட்டின மணலை ரொம்ப நேரம் தட்டினார்கள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. படகுக்கு அந்தப் பக்கம், காலையில் மேரியின் ஆட்களை அனுப்பிய பக்கமே போய் நின்றார்கள். காலையிலிருந்து யாரும் வயிறாரச் சாப்பிட்டிருக்கவில்லை, மணம் அங்கேயும் வந்தது.

முனியம்மா மட்டும் பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எனக்கு முட்டி வலி. ஒரு தடவ குந்துனா குந்துனதுதான். போடு."

கலைவாணன் அவளுக்கு இலை போட்டான். காலனிக்காரர்கள் உட்கார்ந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். தேங்காய்ப்பாலில் செய்த இனிப்பை ஜெஸ்ஸியே துண்டு போட்டு வைத்தாள். சதுரங்கள் கோணல்மாணலாக வந்தன.

கொஞ்ச நேரத்தில் வினிதா ஒரு தூக்குவாளியோடு படகைச் சுற்றி வந்தாள். "சித்தப்பா வூட்டு சின்னம்மா குடுத்தாங்க, இதுல போட்டு வாங்கிகினு வரச் சொல்லி. வூட்ல வெச்சித் துன்னுக்குவாங்களாம்."

ஜெஸ்ஸி வாளியைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில் அடுக்கியிருந்த அலுமினிய டப்பாக்களைப் பார்த்தாள். ஹவாயில் விருந்துக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள், ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள் என்று சொல்லிச் சொல்லி செங்கல்பட்டில் கடை தேடி அவள் வாங்கிய டப்பாக்கள் அவை. எழில் அதில் ஒன்றை எடுத்து ஏற்கெனவே நிரப்பிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு அது?"

"அம்மாவுக்கு. காலையிலேருந்து டீத்தண்ணிதான் குடிச்சிருக்கு."

"எங்க கீது உங்கம்மா?"

"அந்தாண்ட."

"இந்தாண்ட வரச் சொல்லு."

"ஜெஸ்ஸி, அங்க எல்லாருக்கும் கட்டிக் குடுக்கறோமே. நீதான ஆசையா வாங்கியாந்த."

"குந்தித் துன்னவங்களுக்குத்தான் அங்க கட்டிக் குடுக்கறாங்க. இவங்களுக்கு எங்க சோறு வோணும், எங்க பக்கத்துல குந்த முடியாது. கதவ சாத்திகினு துன்றதுக்கு நான் பொட்டலம் கட்டணுமா?" அவன் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி அண்டாவில் கொட்டினாள். படகுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினாள். "பார்சல் கெடையாது! வோணும்னா வந்து குந்துங்க. எவ்ளோ வேணாலும் துன்னுங்க. பார்சல் கெடையாது!"

வினிதா தூக்குவாளியை மணலில் கவிழ்த்து வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்குப் போடுங்க அண்ணி" என்றாள். காது சிவந்திருந்தது.

கடைசியில் சொர்ணம் வந்தாள். படகின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு சோறு வேணாம். கொழந்தைய குடு, பாத்துட்டுப் போறேன்."

ஜெஸ்ஸி குழந்தையைக் கொடுத்தாள். சிநேகாவின் வாயில் கோழி நார் இருந்தது, கையில் பாதி மென்றது ஒன்று. பாட்டியின் முகத்தைப் பார்த்துச் சிரித்து, அந்தக் கையை அவள் உதட்டில் வைத்து அழுத்தியது. சொர்ணம் வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. நார் உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

மேரி பாயில் நகர்ந்து இடம் விட்டாள். "குந்துங்க சம்மந்தி."

சொர்ணம் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி லோகு நிற்கிற பக்கம் பார்த்தாள். "அடுப்புல பாலு வெச்சிட்டு வந்துட்டேன்" என்றாள். குழந்தையை வினிதாவிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் மாலை ஆட, உதட்டைத் துடைக்காமலே மணலில் ஏறிப் போனாள். அந்த வீட்டில் காலையிலிருந்து அடுப்பே பற்றவைக்கவில்லை என்று வினிதா பிறகு சொன்னாள்.

எழில் அம்மா போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்தியில் ஒரு இலை காலியாக இருந்தது. அதைப் பார்த்தான். "நான் துன்னட்டா?" என்று கேட்டான்.

"மொதல்ல அந்தக் குழிய மூடு."

"எந்தக் குழி?"

"ரெண்டாவுதா தோண்டுனியே, அது."

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அடியில் கல் இன்னும் தகித்துக்கொண்டிருந்தது. செருப்பில்லாத காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மணலை இழுத்துத் தள்ளினான். சற்றுப் பார்த்துவிட்டு, பாவமாக இருந்ததோ என்னவோ, கலைவாணன் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"நீ குந்துடா" என்றாள் ஜெஸ்ஸி. "தோண்டுனவன் மூடட்டும்."